கடல் கடக்கும் பெட்டி

வெளிநாட்டுப் பிரயாணத்துக்குச் சாமான் கட்டும் முறையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உல்லாசப் பிரயாணியையே மனத்திற் கொண்டு பேசுவர். சட்டை எத்தனை, காலணி எவ்விதம், முகம் பார்க்கும் கண்ணாடியை எங்கே வைப்பது என்று அவர்களுடைய அறிவுரை நீளும். ஆனால் இலங்கையில் இந்தக் காரியத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள் வேறொரு கூட்டத்தார். ஊவா மாகாணத்திலே, பதுளையைச் சுற்றிலும், பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை என்று மலைக்கு மலை பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களின் மக்களே அவர்கள். இந்நாட்டுக்கு வந்தபோது அவர்களுடைய முன்னோர் மூட்டை கட்டினார்கள். 1964க்குப் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் பெட்டி கட்டினார்கள். இன்று மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலை தேடிப் போகும் அவர்களுடைய பேத்திகளும் பேரன்மாரும் பை கட்டுகிறார்கள். எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது, எதைத் தொலைத்தால் என்ன நேரும் என்ற மூன்று கேள்விக்கும் விடை இந்த மக்களின் அனுபவத்தில் இருக்கிறது.

முதலில் வந்தவர்களின் மூட்டை மிகச் சிறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணியின் பின்னே புறப்பட்டவர்கள், தோணியில் மன்னார்ப் பக்கம் வந்து இறங்கி, காட்டு வழியாக மலைநாட்டுக்கு நடந்தார்கள். நடக்கிறவன் சுமக்கக்கூடியது எவ்வளவு? மாற்றுத் துணி, ஒரு சட்டி, ஒரு கம்பளி. அந்தக் கம்பளியின் விலையும் வழிச்செலவும் கங்காணியின் கணக்கிலே கடனாக ஏறிவிடும். ஆகவே வேலை தொடங்குமுன்னரே மனிதன் கடன்காரன் ஆகிவிடுவான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இந்த மூட்டையோடு இன்னொரு பொருளும் சேர்ந்தது. அது ஒரு தகர வில்லை. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தைக் குறிக்கும் இலக்கமும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். வழியிலே ஆள் மாறிப் போய்விடாதபடி, சரக்குக்குச் சீட்டு ஒட்டுவதுபோல மனிதனுக்கு இட்ட அடையாளம் அது. அந்த மக்களின் முதற் பிரயாணப் பத்திரம் என்று அதனைச் சொல்லலாம். அதை வைத்திருந்தவன் பெயர் அதில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

1914ஆம் ஆண்டிலே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 1924ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. அதன்பின் ஊவாத் தோட்டத்துக்கு வருவதும், திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ ஊர் போய்த் திரும்புவதும் இலகுவாயின. மண்டபத்திலே சில நாள் தங்கி, அம்மை குத்திக்கொண்டு, வைத்தியர் பார்த்து விட்டபின் கப்பலேறுவது வழக்கமாயிற்று. போகவும் வரவும் வழி திறந்திருந்த காலத்தில் பெட்டி கட்டுவது பெரிய கவலையாக இருக்கவில்லை. மறந்ததை அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம் அல்லவா!

அந்த அடுத்த முறை இல்லாமற் போனதுதான் பின்னர் நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டமும் வந்தபின், தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர் என்ற நிலையை அடைந்தனர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் தேதி புது டில்லியிலே இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டார்கள். ஒப்பந்தம் கணக்கிட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை அளிப்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்பது ஏற்பாடு. அந்த எஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கலந்து பேசவில்லை.

ஒப்பந்தத்திலே பெட்டியைப் பற்றியும் ஒரு வாசகம் உண்டு. திரும்பிச் செல்வோர் தமது சேமலாப நிதி, பணிக்கொடை உட்பட எல்லாச் சொத்துக்களையும் கொண்டு செல்ல இலங்கை அரசாங்கம் அனுமதிக்கும் என்றும், ஒரு குடும்பம் எடுத்துச் செல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படமாட்டாது என்றும் அது கூறியது. எல்லாச் சொத்தும் என்று எழுதுவது எளிது. தோட்டத்துத் தொழிலாளியின் சொத்து எது என்று பார்த்தால்தான் அதன் கடினம் விளங்கும்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். அதன் பின்னே கொத்திப் பண்படுத்திய மரக்கறிப் பாத்தியில் மண் தோட்டத்தினது, உழைப்பு மட்டும் தொழிலாளியினது. பாத்தியை மடித்துப் பெட்டியில் வைக்க இயலாது. பசுவும் ஆடும் கோழியும் கப்பலேறா. ஆகவே அவற்றை விற்க வேண்டும். போகிறவனுக்கு அவசரம் இருப்பது வாங்குகிறவனுக்குத் தெரியும். ஒரே தோட்டத்திலிருந்து பல குடும்பங்கள் ஒரே மாதத்தில் புறப்படும்போது விலை எவ்வளவு இறங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அம்மியும் உரலும் ஆட்டுக்கல்லும் அடுத்த காம்பராவுக்குப் போகும். மாரியம்மன் கோயில் மணியும், திருவிழாவுக்கு வாங்கிய மேளமும் எவருடைய பங்கும் அல்ல, அவை தங்கிவிடும். இவ்வாறு கழித்தபின் பெட்டிக்கு மிஞ்சியவை வெண்கல, அலுமினியப் பாத்திரங்கள், துணிமணி, கம்பளி, சாமி படம், காதிலும் கழுத்திலும் கிடந்த சிறு நகை, தேயிலைத் தூள் இவ்வளவே. தகரப் பெட்டிக்கு வர்ணம் பூசி, அதன் மேல் குடும்பத் தலைவன் பெயரையும் போகும் ஊரின் பெயரையும் எழுதுவார்கள். எழுதியவரே சில சமயம் அந்த ஊரைக் கண்டிருக்கமாட்டார்.

பெட்டி கட்டுவோர் பொதுவாகச் செய்யும் பிழை ஒன்றை இந்தப் பிரயாணம் நன்றாக எடுத்துக் காட்டுகிறது. வழியிலே வேண்டியதையும் போய்ச் சேர்ந்தபின் வேண்டியதையும் ஒன்றாகக் கட்டிவிடுவதே அந்தப் பிழை. பதுளையில் வண்டி ஏறினால் பாதை முதலில் மேல்நோக்கியே செல்லும். தெமோதரையின் சுழற்பாதையைச் சுற்றி, எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஏறி, பட்டிப்பொலையில் 1,898 மீட்டர் உயரத்தைத் தொடும். இலங்கைப் புகையிரத நிலையங்களுள் மிக உயரமானது அதுவே. அங்கே இராக்குளிர் எலும்பைக் குடையும். பின்னர் நானுஓயா, அட்டன் வழியாக இறங்கி, பொல்காவலைச் சந்தியில் வடக்குப் பாதையைப் பிடித்து, அனுராதபுரம், மதவாச்சி கடந்து, தலைமன்னாரின் வெம்மணலில் போய் நிற்கும். ஒரே பயணத்தில் மார்கழிக் குளிரும் சித்திரை வெயிலும்! கம்பளியைப் பெரிய மூட்டையின் அடியில் வைத்துக் கட்டி, அந்த மூட்டையைச் சாமான் பெட்டியில் ஏற்றிவிட்டவர்கள் பிள்ளைகளை முந்தானையால் போர்த்திக்கொண்டு இரவைக் கழிக்க வேண்டியதுதான். கம்பளி ஒன்று கையில், தண்ணீர்ப் பாத்திரம் ஒன்று கையில், ரொட்டியும் சம்பலும் கட்டிய பொட்டலம் கையில், பத்திரங்கள் மடியில். மற்றவை எங்கே கிடந்தாலும் கிடக்கட்டும். ஆகாய விமானத்தில் போகும் இன்றைய பிரயாணிக்கும் இந்த ஒழுங்கு அப்படியே பொருந்தும்.

அந்த வண்டிக்கு மலைநாட்டில் வழங்கிய பெயர் அழுகைக் கோச்சி. ஒரே லயத்தில் அண்ணன் குடும்பத்துக்கு இந்தியா, தம்பி குடும்பத்துக்கு இலங்கை என்று தீர்ந்தபின், மேடையில் நிற்பவர்களும் வண்டிக்குள் இருப்பவர்களும் ஒருவரையொருவர் பிடித்த கையை வண்டி நகர்ந்தபின்னும் விடாமல் ஓடுவார்கள். அப்போது சன்னல் வழியாகக் கடைசியாக உள்ளே வீசப்பட்ட பொட்டலங்கள் எந்தக் கணக்கிலும் சேராதவை.

கப்பல் போய்ச் சேரும் கரையும் மாறியிருந்தது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் முடியுமுன், 1964 டிசம்பரில் வீசிய பெரும்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்கே சென்றது. அங்கிருந்து மண்டபம் முகாம். முன்னோர் இலங்கைக்குப் புறப்படுமுன் தங்கி வைத்தியச் சோதனைக்கு உட்பட்ட அதே மண்டபத்தில், பேரப்பிள்ளைகள் தகரப் பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்து, எந்த மாவட்டத்துக்கு அனுப்பப்படுவோம் என்று காத்திருந்தார்கள்.

எந்த மாவட்டம் என்பது பெட்டி கட்டுவதில் தலையாய கேள்வியாகும். விட்டுப் போகும் இடத்தை நினைத்து ஒருவர் பெட்டி கட்டினால், போகும் இடத்தில் அது பாதிக்குப் பாதி பயனற்றதாய்விடும். நீலகிரியிலே திரும்பி வந்தோருக்கென்றே தமிழ்நாட்டு அரசாங்கம் 1968 முதல் தேயிலை பயிரிட்டு, 1976இல் தேயிலைத் தோட்டக் கழகம் ஒன்றை அமைத்தது. கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் போனவர்களுக்கு ஊவாவின் கம்பளி கைகொடுத்தது; கொழுந்து பறிக்கும் விரலும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் கையும் உதவின. ஆனால் அங்கே இடம் எல்லாருக்கும் போதவில்லை. வியாபாரக் கடன் வாங்கிக்கொண்டு சமவெளி மாவட்டங்களுக்குப் போனவர்கள் மிகப் பலர். சிலர் நூல் ஆலைகளுக்கும், சிலர் கன்னியாகுமரியின் இறப்பர்த் தோட்டங்களுக்கும் சென்றனர். வெயில் காயும் ஊரிலே கம்பளிக்கு வேலை என்ன? கொழுந்தைத் தவிர வேறு பயிரை அறியாத கைக்குக் கடை வைக்கும் தொழில் எப்படி வசப்படும்? அவ்வாறு தடுமாறியவர்களிற் பலர், கடனாக வாங்கிய பணம் கரைந்தபின், மலையைத் தேடி நீலகிரிக்கும் கொடைக்கானல் பக்கத்துக்கும் கூலி வேலைக்கு ஏறிப் போனார்கள். சமவெளியில் பயன்படாத கம்பளி அப்போது மீண்டும் வேண்டியதாயிற்று.

இனி, பெட்டியிலே எல்லாவற்றிலும் இலேசான பொருளுக்கு வருவோம். அது காகிதம். கண்டியிலிருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் கடவுச்சீட்டையும் குடும்ப அட்டையையும் வழங்கியது. மண்டபத்தில் உணவுக்கும் உதவிக்கும், பின்னர் வேலைக்கும் கடனுக்கும் அந்தக் குடும்ப அட்டையே திறவுகோல். அதோடு பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், சேமலாப நிதியின் அங்கத்துவ இலக்கம் ஆகியவை சேர வேண்டும். பாத்திரம் தொலைந்தால் வேறு பாத்திரம் வாங்கலாம். இவற்றில் ஒன்று தொலைந்தால் அது கிடைக்கும் இடம் கடலுக்கு அப்பால்.

தொலையாதபோதும் தொல்லை உண்டு. தோட்டத்துப் பெயர் மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதப்படும். பிறப்புப் பதிவில் இராமாயி, செக்ரோலில் ராமி, கடவுச்சீட்டில் ராமாய் என்று இருந்தால் அவர்கள் மூவர் என்றே கந்தோர் நினைக்கும். எழுதியவர் பெரும்பாலும் தமிழறியாத எழுத்தர். எழுதப்பட்டவர் பெரும்பாலும் அதைப் படித்துப் பார்க்க வாய்ப்பில்லாதவர். இந்தப் பிழையைத் தோட்டத்தில் இருக்கும்போதே திருத்திக்கொண்டால் அது ஒரு நாள் வேலை. அக்கரையிலிருந்து திருத்துவதென்றால் ஆண்டுகள் போதா. ஏனெனில் தோட்டங்களும் ஒரே கையில் இருக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் அவற்றைக் கம்பெனிகளிடமிருந்து அரசுக்கு மாற்றின. 1992இல் அவை மறுபடியும் தனியார் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குச் சென்றன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய பதிவேடு எந்த அலுமாரிக்குப் போயிற்று என்று தேடுவது பெரும்பாடு. சேமலாப நிதி தாமதமாகி வராமற் போன குடும்பங்களுக்கு அந்த இலக்கம் எழுதிய ஒரு சிறு துண்டுக் காகிதம் கையிலிருந்தால் வழக்குப் பேசலாம். இல்லாவிட்டால் இருபது வருட உழைப்புக்கும் சாட்சி தம் கைக் காய்ப்பு மட்டுமே.

போனவர்களின் கதை இவ்வளவு என்றால், பெட்டி கட்டி முடித்தும் போகாதவர்களின் கதை இன்னும் விசித்திரமானது. பிற்காலத்திற் பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியா சென்றபின், 1984ஆம் ஆண்டிலே போர்ச் சூழல் காரணமாகத் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைப் பெற்று, கப்பலுக்குக் காத்திருந்த பல்லாயிரவர் தோட்டங்களிலேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது இந்தியாவின் காகிதம். கால் நின்றது இலங்கையின் மண். மறுநாளும் அதே பிரட்டுக்குப் போனார்கள், அதே மலையில் கொழுந்து பறித்தார்கள். 1988இலும் பின்னர் 2003இலும் இலங்கைப் பாராளுமன்றம் சட்டங்கள் நிறைவேற்றிய பிறகே இந்த முடிச்சு அவிழ்ந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாய் வாழ்ந்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கியது. அப்போது வேண்டப்பட்டது என்ன? இத்தனை காலமும் இங்கேயே இருந்தோம் என்பதற்கு அடையாளம். புறப்படுவதற்காகச் சேர்த்துக் கட்டிய பிறப்புப் பத்திரமும் தோட்டத்துக் கடிதமும், தங்குவதற்கான சாட்சியாய்ப் பெட்டியின் அடியிலிருந்து வெளியே வந்தன.

இன்றைய பிரயாணம் வேறு. தலைமன்னாருக்குப் பதிலாகக் கட்டுநாயக்க; கப்பலுக்குப் பதிலாக விமானம்; குடும்பத்தோடு போவதற்குப் பதிலாகப் பெரும்பாலும் ஒரு பெண் தனியே போகிறாள். சவூதி அரேபியா, குவைத், கட்டார், ஐக்கிய அரபு அமீரகம், யோர்தான் என்று ஊவாத் தோட்டங்களின் பெண்கள் வீட்டு வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துகொண்டு போவதே முறை. பதியாமல் வேறு வகை விசாவில் அனுப்புகிறேன் என்று லயத்துக்கு வரும் தரகரின் பேச்சை நம்பிப் போனவளுக்கு, அங்கே துன்பம் நேர்ந்தால் தேடிவரக் கணக்கே இராது.

நிறையைப் பற்றி இவர்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நாள்தோறும் பதினெட்டு, இருபது கிலோக் கொழுந்தை முதுகில் சுமந்து தராசுக்குக் கொண்டு போகிறவள், பையைத் தூக்கிப் பார்த்தே நிறை சொல்லிவிடுவாள். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பைக்குப் பல கம்பெனிகள் 7 கிலோவே அனுமதிக்கின்றன. பெரிய பையின் வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், பயணச்சீட்டிலேயே அது எழுதியிருக்கும். கைப்பையில் நீர்ப்பொருள் எதுவும் 100 மில்லி லீற்றருக்கு மேற்பட்ட போத்தலில் இருத்தலாகாது. நல்லெண்ணெய்ப் போத்தல் பெரிய பைக்குள் போகட்டும். இறுக மூடி, பிளாஸ்திக் உறையில் சுற்றி, துணிகளின் நடுவே வைக்க வேண்டும். தொலைபேசிக்கு மின்னேற்றும் பற்றரியோ மாறாகக் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

குளிரைப் பற்றிய பழைய பிழை இப்போது தலைகீழாக நேர்கிறது. அரபு நாடு என்றால் பாலைவன வெயில் என்று எண்ணிக் கம்பளிச் சட்டையை வீட்டில் விட்டுப் போகிறார்கள். யோர்தானின் அம்மான் நகரில் மாரியில் பனியும் விழுவதுண்டு. குவைத்தின் தை மாத இரவும் குளிரும். அப்புத்தளைக் காற்றுக்குப் போட்ட அதே சுவெட்டர் அங்கே வேண்டும்.

சமையற் பொருள்களில் எச்சரிக்கை மிக அவசியம். கசகசா இங்கே கடையில் கிடைக்கும் சாதாரணப் பலசரக்கு. அது அபினிச் செடியின் விதை என்ற காரணத்தால் ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கட்டார் ஆகிய நாடுகளில் தடைசெய்யப்பட்டது. ஒரு தேக்கரண்டி அளவு பைக்குள் கண்டாலும் போதைப்பொருள் வழக்காகும். அரைத்த மசாலாத் தூளில் அது கலந்திருக்கக்கூடும் என்பதால், என்ன சேர்த்து அரைத்தது என்று தெரியாத தூளையும் தவிர்க்க வேண்டும். கொழுந்து மலையில் வாய் சிவக்க வெற்றிலை போட்டுப் பழகியவருக்கு இன்னொரு துக்கம் உண்டு. அமீரகத்துக்கு வெற்றிலை கொண்டு போகலாகாது. புகையிலையோடு சேர்த்து அந்தப் பொட்டலத்தைப் பதுளைச் சந்தையிலேயே விட்டுப் போவது நலம். மருந்தும் அவ்வாறே. இருமலுக்குக் கொடுக்கும் சில பாணிகளிலே கோடீன் உண்டு. வலிக்குக் கொடுக்கும் திரமடோல் என்ற மாத்திரையும் அந்த நாடுகளில் கட்டுப்பாடுடையது. வைத்தியர் கையொப்பமிட்ட சீட்டு, மருந்தின் முழுப் பெயர், நோயாளியின் பெயர் மூன்றும் இருத்தல் வேண்டும். அந்தப் பெயர் கடவுச்சீட்டிலுள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். இராமாயியும் ராமியும் இங்கே மறுபடி குறுக்கிடுகிறார்கள்.

பக்கத்து லயத்தார், அங்கேயிருக்கும் தம் மகளிடம் கொடுத்துவிடும்படி ஒரு பொட்டலத்தைத் தந்தால் என்ன செய்வது? உறவு முறையை எண்ணி மறுக்க மனம் வராது. அவர்கள் எதிரிலேயே பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் கண்டபின் தன் கையாலேயே மீண்டும் கட்டுவது ஒரு வழி. பிரித்துக் காட்ட விரும்பாதவரின் பொட்டலத்தை வாங்காமல் விடுவதற்கு வெட்கப்படலாகாது. பை திறக்கப்படும் இடத்தில் அத்தை மகள் என்ற உறவு செல்லாது. பை யாருடையது என்பதே கேள்வி.

கடவுச்சீட்டு எசமானரின் அலுமாரிக்குள் போய்விடுவது அந்நாடுகளில் அடிக்கடி நடப்பது. தொலைபேசியையும் வாங்கி வைத்துவிடும் வீடுகள் உண்டு. ஆகையால் தொலைபேசிக்குள் எல்லாம் இருக்கிறது என்ற துணிவு போதாது. கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம், பணியகப் பதிவு ஆகியவற்றின் பிரதி ஒன்று பெரிய பையில் துணிகளுக்குள், இன்னொன்று கைப்பையில், மூன்றாவது வீட்டில் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்து, சம்பளமும் ஓய்வு நாளும் என்னவென்று அறிந்தபின்னரே கையொப்பமிட வேண்டும். இலங்கைத் தூதரகத்தின் தொலைபேசி இலக்கமும் வீட்டார் ஒருவரின் இலக்கமும் காகிதத்தில் எழுதப்பட வேண்டும்; அதற்கு மேல், மனப்பாடமாகவும் இருக்க வேண்டும். தோட்ட வேலையை விட்டுப் போகிறவள் சேமலாப நிதியின் பி அட்டையை வீட்டில் யாரிடம் கொடுத்தாள் என்பதும் அந்தக் காகிதத்தில் இருக்கட்டும்.

வீட்டில் வைக்கும் பிரதியைப் பற்றியும் ஒரு சொல் உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்து, லயங்களைப் புதைத்தது. மனித உயிர்களோடு அங்கே புதைந்தவற்றுள் அத்தனை குடும்பங்களின் பெட்டிகளும் உண்டு. பிழைத்தவர்கள் தாம் யார் என்று காட்டுவதற்கும் காகிதம் இல்லாமல் நின்றார்கள். மண்சரிவு அஞ்சப்படும் மலையில் வாழ்கிறவர், ஒரு பிரதியை வேறு தோட்டத்திலோ பட்டணத்திலோ உள்ள உறவினரிடம் வைப்பது நன்று.

கடைசியாக, பையின் மேல் எழுதும் முகவரி. பெரும்பாலான லயக் காம்பராவுக்குத் தெருவும் இல்லை, வீட்டிலக்கமும் இல்லை. தோட்டத்தின் பெயர் மட்டும் எழுதினால், ஒரே தோட்டத்தில் மூன்று நான்கு பிரிவு இருக்கும்போது கடிதம் கந்தோரிலேயே கிடந்துவிடும். தகப்பன் பெயரோடு சொந்தப் பெயர், லயத்தின் இலக்கம், பிரிவின் பெயர், தோட்டத்தின் பெயர், தபாற் கந்தோர், பதுளை மாவட்டம், இலங்கை என்ற வரிசையில் முழுமையாக எழுத வேண்டும். பைக்கு வெளியே ஒட்டிய சீட்டு வழியில் கிழிந்து போகலாம். அதே முகவரியை இன்னொரு தாளில் எழுதி, பைக்குள்ளே, துணிகளுக்கெல்லாம் மேலே, திறந்ததும் கண்ணில் படும்படி வைத்த பிறகே பையைப் பூட்ட வேண்டும்.